குட்டி ஜப்பானில் ஒரு நீலக் கதிர்

இலக்கியமும் வரலாறும் பேசும் இவ்விடத்தில், கடையில் வாங்கும் ஒரு மின்பெட்டியைப் பற்றி நாம் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கட்டுரையை முடிக்கும்போது அவ்வியப்பு சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில், பதினைந்து ஆண்டுகள் உழைத்த நம் இல்லத்து டிவிடி இயந்திரம் நின்றுபோயிற்று. தட்டை வெளியே தள்ள மறுத்தது. உள்ளே சிக்கிக்கொண்டது 'பூ' படத்தின் தகடு. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை வகுப்பில் நடத்தி முடித்துவிட்டு, அதை அடியொற்றி சசி இயக்கிய அந்த 2008ஆம் ஆண்டுப் படத்தை மாணவர்களுக்குக் காட்டுவதாக வாக்களித்திருந்தோம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாரி என்ற பெண்ணின் கதை அது. நம் வகுப்பில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கல்லூரி அரங்கிலோ இணையம் வரும், போகும். அதை நம்பி இரண்டரை மணி நேரப் படத்தைத் தொடங்க முடியாது.

பழுது பார்ப்பவர் பெட்டியைப் பிரித்துத் தகட்டை மீட்டுத் தந்தார். பெட்டியை மீட்க இயலவில்லை. சரி, வாங்குவதுதான் வாங்குகிறோம், உயர்தெளிவுத் தகடுகளையும் படிக்கும் ப்ளூ-ரே இயந்திரமாக, கைக்கு எட்டும் விலையில் ஒன்றை வாங்குவோம் என்று விருதுநகர்க் கடைவீதியில் இறங்கினோம். மூன்று கடைகளிலும் ஏறக்குறைய ஒரே விடைதான். "இப்ப யாரு சார் டிஸ்க்கு வாங்குறா? எல்லாம் போன்லயே பாத்துருதாங்க."

ஒருவரை அறிமுகம் செய்யுமுன் அவருடைய குலமுறை கிளத்துவது தமிழாசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இப்பெட்டியின் குலமுறையையும் சற்றுத் துருவிப் பார்த்தோம். துருவத் துருவ, அது நம் கந்தக பூமியோடு எங்கெங்கோ முடிச்சிட்டுக் கிடப்பது தெரிந்தது.

எரியும் சுருள்

வீட்டுக்குள் படம் வருவதற்கு முன்பு, படம் எதன்மேல் இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1950களின் தொடக்கம் வரையிலும் திரைப்படச் சுருள்களில் பெரும்பாலானவை செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. வெடிபஞ்சு என்று சொல்லப்படும் வெடிபொருளும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தீப்பற்றினால் எரிவதற்கான ஆக்சிஜனைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கும் பொருள் அது. மண்ணைப் போட்டு மூடினாலும் நீரை ஊற்றினாலும் எளிதில் அணையாது. பட்டாசு மருந்தில் வெடியுப்பு செய்யும் வேலையும் ஆக்சிஜனை உள்ளிருந்தே தருவதுதான் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எரியாமல் தப்பிய சுருள்களும் வெப்பத்தில் தாமே சிதைந்தன. இன்னும் பலவற்றை, அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கினார்கள். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல்தான் தொடங்கப்பட்டது. அதே நகரில் 2003 ஜனவரி 8 அன்று நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் சாம்பலாயின. ஏடுகளைக் கரையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் கொடுத்த கதையை உ.வே.சா. வாயிலாகப் படித்து வருந்தும் நாம், இருபதாம் நூற்றாண்டிலேயே மற்றோர் ஏட்டுக் குவியலை இழந்திருக்கிறோம். ஒரு படத்தின் பிரதிகள் எத்தனை இடங்களில், எத்தனை வடிவங்களில் இருக்கின்றனவோ அத்தனைக்கு அதன் ஆயுள் நீளும் என்பது இந்த இழப்பு கற்பித்த பாடம்.

டெக் எடுத்த இரவுகள்

பிரதிகள் வீடுகளுக்கு வந்தது ஒளிநாடாவின் வழியாக. சோனி 1975இல் பீட்டாமாக்ஸையும், ஜேவிசி 1976இல் விஎச்எஸ்ஸையும் கொணர்ந்தன. படத்தின் துல்லியத்தில் பீட்டாமாக்ஸ் ஒரு படி மேல் என்று இன்றும் சொல்வோர் உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதன் நாடா ஒரு மணி நேரமே ஓடியது. விஎச்எஸ் இரண்டு மணி நேரம் ஓடியது. வென்றது விஎச்எஸ். இந்தியாவில் புழங்கிய நாடாவோ மூன்று மணி நேரம் கொள்ளும். பாட்டும் சண்டையும் நகைச்சுவையும் கொண்ட ஒரு முழுத் தமிழ்ப் படம் அதில் இடையில் அறாமல் அடங்கிற்று.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி நாட்டுக்குள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நம் ஊர்களில் 'டெக் எடுப்பது' ஒரு சடங்காயிற்று. சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் இரவு முழுக்க மூன்று படம் போடுவார்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து கூடும்போது, முற்றத்தில் பாய் விரித்து, வாடகைத் தொலைக்காட்சியை நாற்காலிமேல் ஏற்றி, மூன்றாம் படத்தின் இடைவேளையில் உறங்கிப்போன பிள்ளைகளுள் நாமும் ஒருவர். கேசட் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். மேலும் கீழும் வெள்ளைக் கோடுகள் ஓடும். 'ஹெட்டைத் துடை' என்று பின்னாலிருந்து யாரேனும் குரல் கொடுப்பார்கள். தெளிவு குறைவு என்று எவரும் எழுந்து போனதில்லை.

அரசு விழித்துக்கொண்டதும் அக்காலத்தில்தான். ஒளிநாடாவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1984இல் தனிச் சட்டம் இயற்றிற்று. அதே ஆண்டில் மத்திய அரசின் பதிப்புரிமைச் சட்டமும் ஒளிநாடாக்களைக் கருத்திற்கொண்டு திருத்தப்பட்டது. திரையரங்குகளின் அச்சமும் பொய்யன்று. வசந்தபாலனின் 'வெயில்' (2006) திரையரங்கு ஒன்றையே உலகமாகக் கொண்டு வளர்ந்தவனின் வாழ்வைச் சொல்கிறது. அப்படிப்பட்ட அரங்குகள் ஒளியிழந்த காலத்தின் தொடக்கத்தில் டெக் நிற்கிறது.

இதனிடையே, திரையரங்குக்கு வர வாய்ப்பில்லாத படங்களுக்கு நாடா ஒரு வழி திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றிச் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) என்னும் ஆவணப்படம் அதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகைப் படங்களைக் கூட்டங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டு சேர்க்கக் கையில் தூக்கிச் செல்லத்தக்க வடிவம் ஒன்று வேண்டியிருந்தது.

முப்பத்து நான்கு ரூபாய்

'குட்டி ஜப்பான்' என்பது நேரு சிவகாசிக்குச் சூட்டியதாக வழங்கும் பெயர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதும், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வேரூன்றியதும், 1940 முதல் பட்டாசு ஆலைகள் பெருகியதும் நாமறிந்த வரலாறு. தமிழகத்துச் சுவர்களில் ஒட்டப்பட்ட சினிமாச் சுவரொட்டிகளில் பெரும்பங்கு இவ்வூர் அச்சகங்களில் பிறந்தவை. அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருந்த ஒன்றை, எளியவர் கைக்கு எட்டும் விலையில் கோடிக்கணக்கில் செய்து தருவதே இவ்வூரின் திறமை. தகட்டின் வரலாற்றிலும் அதே திறமைதான் தொடர்ந்து வென்றிருக்கிறது.

1993இல் வரையறுக்கப்பட்ட விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகள். ஒரு தகட்டில் 74 நிமிடமே அடங்கும் என்பதால் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் தேவைப்பட்டன. மேலை நாடுகள் இதைப் பொருட்படுத்தவேயில்லை. ஆசியா வாரி அணைத்துக்கொண்டது. சீனத்து ஆலைகள் மலிவான இயந்திரங்களைக் குவித்தன. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் திருட்டு விசிடி தொங்கிற்று. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஒளித்தகட்டுத் திருடர்களையும் சேர்த்தது.

1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி நான்கு லட்சம் புள்ளிகளைக் காட்டியது. நம் வீடுகளில் அது பரவுவதற்கு ஓர் விலைப்புரட்சி வேண்டியிருந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் சந்தைக்கு விட்டது. திருட்டுத் தகட்டின் விலைக்கே முறையான தகடு! பேருந்து நிலையக் கடைகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. நம் ஆசிரியத் தோழர்கள் பலருடைய வீட்டு நூலகங்களில் நூல்களுக்கு அருகே தகட்டு வரிசை ஒன்று அந்நாளில் முளைத்ததுதான். 'பூ' படத்தின் தயாரிப்பிலும் இந்நிறுவனத்துக்குப் பங்கு உண்டு என்பது, நம் கரிசல் மண்ணுக்கும் தகட்டுக்குமான மற்றொரு முடிச்சு.

அதே காலத்தில், 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி பட்டாசுத் தொழிலாளர் வீடுகளிலும் வந்தமர்ந்தது. 14 அங்குலத் திரையில், ஆறடி தள்ளி அமர்ந்து பார்க்கும் கண்ணுக்கு விசிடிக்கும் டிவிடிக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மக்கள் அறியாமையால் தாழ்ந்ததைத் தேர்ந்தார்கள் என்று எண்ணுவது தவறு. தம் திரைக்கும் தம் கூலிக்கும் பொருந்தியதை அவர்கள் அளந்து தேர்ந்தார்கள்.

நீலம் என்னும் அருநிறம்

இனி ப்ளூ-ரேக்கு வருவோம். வாணவெடியில் எந்த நிறம் கடினம் என்று எந்தப் போர்மேனைக் கேட்டாலும் நீலம் என்பார். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம். நீலத்துக்குத் தாமிரச் சேர்மம். சுடர் சற்றே சூடேறினாலும் நீலம் தரும் மூலக்கூறு சிதைந்து நிறம் வெளிறிவிடும். சூடு குறைந்தால் ஒளி போதாது. அந்த இடைவெளியில் நிறுத்துவதுதான் கைத்திறன்.

மின்னணுவியலிலும் நீலமே இறுதியில் வந்தது. சிவப்பு ஒளியுமிழ் டையோடு 1962இல் வந்துவிட்டது. ஒளிமிக்க நீல டையோடு வர 1993 ஆயிற்று. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நக்கமுரா அதைச் செய்துகாட்டினார். அகசாக்கி, அமானோ இருவரோடும் அவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியிலேயே நீல ஊதா லேசரும் பிறந்தது.

அதனால் தகட்டுக்கு என்ன பயன்? எழுதுகோலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு பொடியாக எழுதலாம், படிக்கலாம். ஒளிக்கு அலைநீளமே முனை. குறுந்தகட்டையும் விசிடியையும் படிக்கும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடியின் செங்கதிருக்கு 650. ப்ளூ-ரேயின் கதிருக்கு 405. அதே 12 சென்டிமீட்டர் வட்டத்தில் குறுந்தகடு 700 மெகாபைட்டும், டிவிடி ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட்டும், ப்ளூ-ரே 25 கிகாபைட்டும் கொண்டது இவ்வாறுதான். படத்தின் புள்ளிகள் இருபது லட்சத்தைத் தாண்டின.

2006இல் இரு உயர்தெளிவுத் தகடுகள் களமிறங்கின. தோஷிபாவின் எச்டி டிவிடி ஒருபுறம், சோனி முதலியோரின் ப்ளூ-ரே மறுபுறம். இரண்டுக்கும் நீலக் கதிரே. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா விலகிக்கொண்டது. எச்டி டிவிடி வாங்கியவர்கள் கையில் வெறும் வட்டங்கள் மிஞ்சின.

வென்ற ப்ளூ-ரேயும் நெடுங்காலம் அரசாளவில்லை. இணையம் வந்தது. மோசர் பேயரைக் கலைத்துவிட 2018இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஒப்போ 2018இலும், சாம்சங் 2019இலும், எல்ஜி 2024இலும் ப்ளூ-ரே இயந்திரத் தயாரிப்பைக் கைவிட்டன. கடைக்காரர் நகைத்ததற்குக் காரணம் இதுவே.

நாம் தேர்ந்த வகை

இவ்வளவையும் பார்த்தபின் நமக்கு ஒன்று தெளிவாயிற்று. தமிழ் வீட்டில் உள்ள தகடுகளில் உயர்தெளிவுத் தகடு விரல்விட்டு எண்ணத்தக்கது. விசிடியும் டிவிடியும்தான் நம் சேமிப்பு. எனவே எந்தப் பெட்டி மிகத் தெளிவாகக் காட்டும் என்று கேட்பதைவிட, எந்தப் பெட்டி மிகப் பலவற்றைப் படிக்கும் என்று கேட்பதே நமக்கு முறை. நல்ல ப்ளூ-ரே இயந்திரம் ஒன்றினுள் மூன்று கதிர்களும் இருக்கின்றன. வட்டெழுத்தும் கிரந்தமும் இன்றைய எழுத்தும் படிக்கத் தெரிந்த ஒரு கல்வெட்டாய்வாளரைப் போன்றது அது.

வாங்க எண்ணும் நண்பர்களுக்காக நாம் கைக்கொண்ட வரையறைகளைச் சொல்கிறோம். முதலாவது, விசிடியைப் படிக்குமா என்று பார்க்க வேண்டும். ப்ளூ-ரே இயந்திரங்கள் சில அதை விட்டுவிட்டன. இரண்டாவது, மண்டலக் குறி. இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூ-ரேயில் சி. சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பெட்டி ப்ளூ-ரேயில் ஏ மண்டலத்தது. குறியிட்ட இந்தியத் தகட்டை அது ஏற்காது. அமெரிக்கப் பெட்டிகள் பல நம் பால் முறைத் தகட்டையும் மறுக்கும். மூன்றாவது, மஞ்சள் சிவப்பு வெள்ளைச் செருகுதுளைகள். உரிமக் கட்டுப்பாட்டால் 2014 முதல் தயாரானவற்றில் மஞ்சள் துளை இல்லை, எச்டிஎம்ஐ மட்டுமே. பழைய தொலைக்காட்சியில் பொருத்த வேண்டுமானால் அதற்கு முந்தைய பெட்டியே தேவை. நான்காவது, பழைய பெட்டியானால் மூவகைத் தகட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். கதிர்கள் தனித்தனியே மூப்படைகின்றன.

பெட்டி பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே ஒழிய, தகட்டில் இல்லாத நுணுக்கத்தை உண்டாக்காது. 'கர்ணன்' (1964) 2012இல் புதுப்பொலிவோடு அரங்கேறியது, படச்சுருளைச் சீர்செய்த உழைப்பால். அதைக் கடைப்பெட்டி எதுவும் செய்யாது.

மதுரையில் பழைய மின்பொருள் விற்கும் கடையொன்றில் பையில் மூன்று தகடுகளோடு போய் நின்றோம். நம் திருமண விசிடி, 'பூ', நண்பரிடம் இரவல் பெற்ற ஒரு ப்ளூ-ரே. முதல் பெட்டி திருமணத்தை ஏற்க மறுத்தது. இல்லாள் நகைத்தார். இரண்டாவது மூன்றையும் படித்தது. விலை நாலாயிரத்து இருநூறு. திருமணத் தகட்டில் மட்டும் தாலி கட்டும் கட்டத்தில் படம் உறைந்து உறைந்து நகர்ந்தது. கடைகளில் பதிந்து தரும் தகடுகளில் சாயப்படலமே எழுத்து. நம் ஊர் வெயில் அதை அழிக்கிறது. அன்றிரவே அதைக் கணினியில் படியெடுத்தோம். இவ்வகைத் தகடு வைத்திருப்போர் உடனே படியெடுத்துக்கொள்க.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், அரங்கில் 'பூ' ஓடிற்று. முடிந்தபின் ஒரு மாணவி தயங்கியபடி வந்து நின்றார். "எங்கம்மா பதினெட்டு வருஷமா பட்டாசு வேலைக்குப் போறாங்க சார். இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. இந்த டிஸ்க்கைத் தருவீங்களா?" தகட்டை நீட்டினோம். வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. "போட்டுப் பாக்க எங்ககிட்டப் பெட்டி இல்ல சார்" என்றார். பெட்டியையும் கேபிளையும் சேர்த்துப் பையில் வைத்துக் கொடுத்தோம்.

திங்களன்று இரண்டும் திரும்பி வந்தன. வீட்டிலிருப்பது அரசு கொடுத்த அந்த 14 அங்குலப் பெட்டிதானாம். மஞ்சள் கம்பியைச் செருகியதும் படம் வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரும் கூட இருந்து பார்த்திருக்கிறார்கள். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"ஆலை சீன்ல மட்டும் ரெண்டு தடவ நிறுத்திப் பாத்தாங்க சார். வேற ஒண்ணும் சொல்லல."